வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

(மின்மோட்டார் வைண்டிங் தொழிலாளர்கள், மகளிர் குழுவினர், ஐ.டி.ஐ. மற்றும் பாலிடெக்னிக் மாணவர்கள் கூடியிருந்த இராஜபாளையம் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சூடாக்கும் கம்பியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைச் சுருளாகச் சுற்றுவது எப்படி, எந்த உலோகக் கம்பியை எவ்வளவு நீளம் எடுப்பது, அதன் மின்தடையைக் கணக்கிடுவது எப்படி என்பதுதான் தலைப்பு. சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்ற நம் இரண்டு ஊர்களையும் ஒருமுறை மனதுக்குள் சுற்றி வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலைக் காய்ச்சுவது விறகு அடுப்பாக இருக்கலாம். ஆனால் அதே கடையில் பையின் வாயை ஒட்டும் சீலிங் மெஷினுக்குள் இருப்பது நிக்ரோம் என்ற கலப்பு உலோகப் பட்டை. சேவு, மிக்சர், முறுக்கு பாக்கெட் போடும் மகளிர் குழுவுக்கும் அந்தப் பட்டைதான் சோறு போடுகிறது. இராஜபாளையம் மில்களில் நூலின் ஈரப்பதம் பார்க்கும் உலையில் இந்தக் கம்பி இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போடும் ராடு, மின் அடுப்பு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. இது அறுந்தால் யாரிடம் போகிறோம்? வைண்டிங் பட்டறைக்குத்தான் போகிறோம்.

பட்டறையில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பழைய கம்பியை நீட்டிப் பார்த்து, அதே அளவுக்குப் புதுக் கம்பியை வெட்டிப் போடுகிறோம். பழையது முழுசாக இருந்து, புதியதும் அதே உலோகமாக, அதே தடிமனாக இருந்தால் இது சரியாக வரும். ஒன்று மாறினாலும் தப்பிவிடும். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கம்பி எவ்வளவு சூட்டைத் தரும் என்பது ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. உலோகம், தடிமன், நீளம், வோல்ட் ஆகிய நான்கும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. இந்த நான்கையும் காகிதத்தில் எழுதிப் பார்க்கத் தெரிந்தவரின் கை தடுமாறாது.

இந்தக் கணக்கை உலகத்துக்குக் கொடுத்தவர் பட்டறையில் வளர்ந்தவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கியார்க் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே கணிதம் படித்து, மகனுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அந்த அப்பா. ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, தனக்கு வேண்டிய கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டார். வெவ்வேறு நீளத்தில் கம்பிகளை மாட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்த்தார். அந்தக் காலத்து மின்கலங்கள் நிலையாக இருக்கவில்லை. அளந்துகொண்டிருக்கும்போதே வலு இறங்கிவிடும். அதனால் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதிலிருந்து வரும் நிலையான சிறு மின்சாரத்தைப் பயன்படுத்தினார். 1827-இல் தன் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் உரிய மதிப்பு உடனே கிடைக்கவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. அதே காலத்தில், மான்செஸ்டர் பக்கத்தில் மதுபான ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை ஜூல், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப அமையும் என்று காட்டினார். இந்த இரண்டு பேர் கண்டதை வைத்துத்தான் இன்று வரை எல்லாச் சுருளும் சுற்றப்படுகிறது.

விதி கிடைத்தும் நல்ல கம்பி கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இரும்புக் கம்பி சிவக்கக் காய்ந்தால் காற்றுப் பட்டுச் செதிலாக உதிர்ந்துவிடும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் விலை தாங்காது. 1905-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஒரு கம்பி செய்தார். 1906-இல் காப்புரிமை வாங்கினார். நிக்கல் 80 பங்கு, குரோமியம் 20 பங்கு கொண்ட இந்தக் கலவையைத்தான் பெரும்பாலும் நிக்ரோம் என்கிறோம். முதல் முறை காயும்போதே குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோவ் என்பவர் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவையைக் கொண்டுவந்தார். அதற்குப் பெயர் கான்தல். அதன் மேல் அலுமினா படலம் உண்டாகும். நிக்ரோம் 1200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கினால், கான்தல் ஏ-1 வகை 1400 வரை தாங்கும்.

இனி கணக்குக்கு வருவோம்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் மின்தடை எண் என்று ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட கம்பி எத்தனை ஓம் காட்டும் என்பதுதான் அது. நான் சொல்லும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இவை அறை வெப்பநிலைக்கு உரியவை.

செம்பு – 0.017
தூய நிக்கல் – சுமார் 0.07
டைட்டானியம் – சுமார் 0.5
துருப்பிடிக்காத எஃகு 304 – 0.72
துருப்பிடிக்காத எஃகு 316 – 0.74
நிக்ரோம் 80-20 – 1.09
நிக்ரோம் 60 – 1.11
கான்தல் டி – 1.35
கான்தல் ஏ-1 – 1.45

செம்பையும் நிக்ரோமையும் ஒப்பிடுங்கள். அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் மோட்டாருக்குச் செம்பும் அடுப்புக்கு நிக்ரோமும். சில பாடப்புத்தகங்களில் நிக்ரோமுக்கு 1.5 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கும் 80-20 கம்பிக்கு அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் விடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பிவிடும். ஆகவே கம்பி வாங்கும்போது நிக்ரோம் என்று மட்டும் கேட்காதீர்கள்; எந்தக் கலவை என்று கேளுங்கள். ரீலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

சூத்திரம் இதுதான்: மின்தடை எண்ணை நீளத்தால் பெருக்கி, குறுக்குப் பரப்பால் வகுத்தால் ஓம் கிடைக்கும். நீளம் இரு மடங்கானால் தடை இரு மடங்கு. தடிமன் இரு மடங்கானால் தடை நான்கில் ஒரு பங்கு. ஏனென்றால் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விட்டத்தை அளப்பதில் 5 சதவீதம் பிசகினால் தடையில் ஏறக்குறைய 10 சதவீதம் பிசகும். அதனால்தான் ஸ்க்ரூ கேஜ் இல்லாமல் கம்பி வெட்டாதீர்கள் என்கிறேன்.

கேஜ் நம்பரைப் பற்றி இந்த ஊரில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறீர்கள். 40-ஆம் கவுண்ட் நூலைவிட 80-ஆம் கவுண்ட் நூல் மெல்லியது என்பது உங்களுக்குத் தெரியும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். கம்பியின் கேஜும் அப்படித்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கம்பிக்கு இரண்டு கேஜ் முறைகள் புழங்குகின்றன. ஒன்று பிரிட்டனில் 1884-இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்த ஸ்டாண்டர்டு வயர் கேஜ். நம் பட்டறைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. என்று சொல்வது இதைத்தான். இன்னொன்று அமெரிக்கன் வயர் கேஜ். இணையத்தில் வாங்கும் கம்பி பெரும்பாலும் அமெரிக்கன் கேஜில் வருகிறது. 26 என்று இரண்டிலும் எழுதியிருக்கும். எஸ்.டபிள்யூ.ஜி. 26 என்றால் 0.457 மில்லிமீட்டர். அமெரிக்கன் 26 என்றால் 0.405 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தடையில் நூற்றுக்கு 27 வித்தியாசம்.

இப்போது ஒரு 1000 வாட் அடுப்புச் சுருளை ஆரம்பத்திலிருந்து போடுவோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வோல்டை வோல்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் வரும். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. ஆயிரத்தால் வகுத்தால் 52.9 ஓம். இதுதான் நமக்கு வேண்டிய தடை. மின்னோட்டம் 4.35 ஆம்பியர்.

எஸ்.டபிள்யூ.ஜி. 26 நிக்ரோம் எடுக்கிறோம். விட்டம் 0.457, பரப்பு 0.164 சதுர மில்லிமீட்டர். 1.09-ஐ 0.164-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 6.65 ஓம். 52.9-ஐ 6.65-ஆல் வகுத்தால் 7.96 மீட்டர், ஏறக்குறைய 8 மீட்டர். நிக்ரோம் காய்ந்தால் தடை நான்கைந்து சதவீதம் கூடும். அதற்காக அந்த அளவு நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 6 மில்லிமீட்டர் கம்பி மேல் சுற்றினால், சுருளின் நடு விட்டம் 6 மில்லிமீட்டரோடு கம்பியின் தடிமனையும் சேர்த்து 6.457 ஆகும். ஒரு சுற்றுக்கு 20.3 மில்லிமீட்டர் கம்பி செலவாகும். எட்டு மீட்டர் கம்பிக்கு 390 சுற்றுக்குப் பக்கம் வரும். நெருக்கமாகச் சுற்றிய நிலையில் சுருளின் நீளம் 18 சென்டிமீட்டர். இதை இரண்டு மூன்று மடங்காக இழுத்துத்தான் அடுப்பின் பள்ளத்தில் பொருத்த வேண்டும். சுற்றோடு சுற்று தொட்டால் அந்த இடத்தில் தடை குறைந்து கணக்கு முழுதும் கெட்டுவிடும்.

இதே எட்டு மீட்டரை அமெரிக்கன் 26 கம்பியில் வெட்டியிருந்தால்? தடை 67 ஓம் ஆகும். அடுப்பு 785 வாட் மட்டுமே தரும். தண்ணீர் கொதிக்க நேரமாகிறது என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். உங்கள் சுற்று வேலையில் குறையே இருக்காது. ஆனால் பெயர் கெடுவது உங்களுக்கு.

உலோகம் மாறினால் இதைவிட மோசம். கான்தல் ஏ-1 கம்பியில் இதே அடுப்புக்கு 6 மீட்டர் போதும். பழைய சுருள் கான்தல் என்று தெரியாமல், அதே 6 மீட்டருக்கு நிக்ரோமை வெட்டிப் போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை 40 ஓமுக்கும் கீழே போகும். அடுப்பு 1,330 வாட் இழுக்கும். ஆயிரம் வாட்டுக்கு என்று போட்ட வயரும் பிளக்கும் கூடுதல் சுமையைச் சுமக்கும். சுருளோ சீக்கிரம் கருகும்.

எந்தக் கம்பி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காந்தம் போதும். கான்தல் இரும்புக் கலவை, காந்தத்தில் ஒட்டும். நிக்ரோம் 80-20 ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இழுத்து மெலிதாக்கும்போது சிறிது காந்தத் தன்மை வரலாம். ஆகவே லேசாக இழுபட்டால் சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. கான்தல் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பழைய சுருளை இழுத்தால் ஒடியும். நிக்ரோம் காய்ந்த பிறகும் ஓரளவு வளைந்து கொடுக்கும். எடையிலும் தெரியும்: ஒரே அளவு கம்பியில் நிக்ரோம் கனம், கான்தல் லேசு. கடைசியாக, ஒரு மீட்டரை வெட்டி, தடையை அளந்து, விட்டத்தை அளந்து, திருப்பிக் கணக்குப் போட்டால் மின்தடை எண்ணே வந்து நிற்கும். கம்பி தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

தடை சரியாக வந்தால் போதுமா? போதாது. மாணவர்கள் புத்தகத்தில் அதிகம் பார்க்காத ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. 1000 வாட்டை 24-ஆம் கேஜ் நிக்ரோமிலும் வாங்கலாம், 26-ஆம் கேஜிலும் வாங்கலாம். 24-க்கு ஏறக்குறைய 12 மீட்டர் வேண்டும், 26-க்கு 8 மீட்டர். ஓம் ஒன்றுதான், வாட்டும் ஒன்றுதான். ஆனால் வெப்பம் வெளியேற வேண்டிய கம்பியின் மேற்பரப்பைப் பாருங்கள். 24-இல் 209 சதுர சென்டிமீட்டர். 26-இல் 114 மட்டுமே. அதாவது முன்னதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.8 வாட், பின்னதில் 8.7 வாட். மெல்லிய கம்பி அதிகமாகச் சிவக்கும், சீக்கிரம் போகும். கம்பி மிச்சம் என்று மெல்லியதைப் போட்டால் வாடிக்கையாளருக்கு அடிக்கடி ஒரு சுருள் செலவு. எது எவ்வளவு உழைக்கும் என்பதை முடிவு செய்வது இந்த மேற்பரப்புச் சுமைதான்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு பழக்கத்தை இந்தக் கணக்கால் பார்ப்போம். அடுப்புச் சுருள் அறுந்தால், கருகிய துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் முறுக்கி இழுத்து மாட்டிவிடுகிறோம். பத்தில் ஒரு பங்கு கம்பி போய்விட்டது என்று வையுங்கள். தடை பத்து சதவீதம் குறைந்தது. வாட் 11 சதவீதம் கூடியது. மேற்பரப்போ பத்து சதவீதம் சுருங்கியது. ஆக, மிச்சமிருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்பைவிட 23 சதவீதம் அதிகச் சுமையைத் தாங்குகிறது. முறுக்கிய இடத்தில் தொடுகை சரியில்லாமல் தனியாகச் சூடு ஏறுகிறது. அடுத்த வாரமே அது மறுபடியும் அறுகிறது என்றால் ஆச்சரியம் என்ன? இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு யாரும் தன் வீட்டு அடுப்பில் இதைச் செய்ய மாட்டார்கள்.

மின்னழுத்தமும் நம் கையில் இல்லை. மாலையில் 200 வோல்டுக்கு இறங்கினால் 1000 வாட் அடுப்பு 756 வாட் ஆகிவிடும். 250-க்கு ஏறினால் 1,181 வாட். ஆகவே சுருளை எப்போதும் விளிம்பில் நிற்கும்படி போடாதீர்கள். கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாய்மார்கள் கேட்ட சீலிங் மெஷினுக்கு வருகிறேன். அதில் உருண்டைக் கம்பி கிடையாது, பட்டை. பட்டைக்குக் கணக்கு இன்னும் சுலபம்: அகலத்தைத் தடிமனால் பெருக்கினால் பரப்பு. 2 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் பரப்பு 0.2. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள நிக்ரோம் பட்டையின் தடை 1.09 ஓம். உள்ளே இருக்கும் மின்மாற்றி 20 வோல்ட் தருவதாக எடுத்துக்கொள்வோம். 20-ஐ 20-ஆல் பெருக்கி 1.09-ஆல் வகுத்தால் 367 வாட். பை நன்றாக ஒட்டுகிறது.

பட்டை அறுந்துவிட்டது, அதே அகலத்தில், அதே தடிமனில் கையில் கிடைத்த வேறு பட்டையைப் போடுகிறோம். கான்தல் ஏ-1 என்றால் தடை 1.45 ஓம், 276 வாட். பை சரியாக ஒட்டாது, வாய் பிரிந்துகொள்ளும். துருப்பிடிக்காத எஃகு 316 என்றால் தடை 0.74 ஓம், 540 வாட். பை உருகி ஓட்டை விழும், மேலே போர்த்தியிருக்கும் டெஃப்லான் துணி கருகும், மின்மாற்றி அளவுக்கு மேல் மின்னோட்டத்தைச் சுமக்கும். டெஃப்லானை 260 டிகிரிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; அதற்கும் மேலே ரொம்பக் காய்ந்தால் வரும் புகை உடம்புக்குக் கேடு. பக்கத்தில் பால்கோவாவும் பலகாரமும் இருக்கின்றன, மூடிய சின்ன அறையில் நீங்கள் இருக்கிறீர்கள். பார்ப்பதற்கு மூன்று பட்டையும் ஒன்றுதான். மூன்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள். பட்டை காயும்போது நீளும் என்பதால் முனையில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். மாற்றும்போது அந்த ஸ்பிரிங்கை மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் பட்டை தொய்ந்து, தட்டைத் தொட்டு, ஓரிடத்தில் மட்டும் எரியும்.

ஒரு ஓம், அரை ஓம் என்று வரும்போது அளப்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். சுழியம் வராது, 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது வயரின் தடை. அதைக் கழித்துத்தான் பட்டையின் தடையை எழுத வேண்டும். இன்னும் சரியான வழி வேண்டுமென்றால், தெரிந்த அளவு மின்னோட்டத்தைப் பட்டை வழியே அனுப்பி, பட்டையின் இரு முனைக்கும் இடையே உள்ள வோல்டைத் தனியாக அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். முள்ளின் தடை கணக்கில் நுழையவே நுழையாது. பட்டறைகளில் சீரியஸ் லாம்ப் வைத்துச் சோதிக்கிறோம். கம்பி அறுந்ததா, இல்லையா என்று அது சொல்லும். எவ்வளவு தடை என்று சொல்லாது. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், அந்த விளக்கை அளவுகோலாக நம்பவும் முடியாது.

காய்ந்தால் தடை எவ்வளவு கூடும் என்பதும் உலோகத்துக்கு உலோகம் மாறும். நிக்ரோம், கான்தல் இரண்டும் சிவக்கும் வரை காய்ந்தாலும் சில சதவீதமே கூடும். அதனால்தான் அடுப்புக்கு உகந்தவை. எஃகு 316 நூறு டிகிரிக்கு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். நிக்கல் நூறு டிகிரிக்கு 60 சதவீதம் வரை கூடும். தடை ஏறுவதைப் பார்த்துச் சூட்டை அளக்கும் கருவிகளுக்கு இப்படிப்பட்ட உலோகங்கள் உதவும். நேரடியாக அடுப்பில் போட உதவாது.

மாணவர்களே, இந்த இடத்தில் உங்களிடம் மனம்விட்டு ஒன்று பேச வேண்டும். இதே நிக்ரோம், கான்தல், எஃகு, நிக்கல், டைட்டானியம் கம்பிகளை வைத்து, மின் சிகரெட்டுக்குச் சுருள் சுற்றும் பழக்கம் வெளிநாடுகளில் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. சீனாவில் ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் 2003-இல் உருவாக்கிய கருவியிலிருந்து கிளம்பியது அது. தடைக் கணக்கைத் தேடிப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் அதற்காகவே படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்களை அதட்ட நான் வரவில்லை. கணக்கில் ஆர்வம் வந்ததை மதிக்கிறேன். ஆனால் தெரிந்தவன் தெரிந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது.

முதலில் சட்டம். தமிழ்நாடு 2018-இலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டே நாடாளுமன்றத்தில் சட்டமானது. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, சேமித்து வைப்பது, விளம்பரம் எல்லாம் குற்றம். தயாரிப்பு, விற்பனைக்கு முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

அடுத்தது கணக்கு. எட்டு மீட்டர் அடுப்புக் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் எண்ணூற்றில் ஒரு பங்குதான் தவறு. மின் சிகரெட்டுச் சுருளின் பத்து சென்டிமீட்டர் கம்பியில் அதே பிசகு பத்து சதவீதம். தடை அரை ஓமுக்கும் கீழே இருக்கும். உங்கள் மல்டிமீட்டர் முள்ளின் தடையே அவ்வளவு இருக்கும்போது எதை அளந்தீர்கள், எதை நம்புவீர்கள்? அந்தக் கருவியில் இருக்கும் லித்தியம் செல் முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். தடை 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் இழுக்கும். பல செல்களுக்கு அது தாங்கும் எல்லைக்கு மேல். சட்டைப்பையில், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல் அது. வெடித்து முகமும் தொடையும் வெந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். அடுப்புக் கம்பியிலிருந்து வரும் வெப்பம் பாத்திரத்துக்குப் போகிறது. இந்தச் சுருள் திரவத்தைச் சூடாக்கி எழுப்பும் ஆவியோ நேராக நுரையீரலுக்குப் போகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவற்றைக் கண்டார்கள்; சுருளைத் தொட்ட பிறகு திரவத்தில் உலோகத்தின் அளவு ஏறியிருந்தது. நிக்கல் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டவை. நிகோட்டின் தனியாகத் தன் வேலையைச் செய்யும். ஓமைச் சரியாகப் போட்டுவிட்டால் இவை எதுவும் சரியாகிவிடாது. கணக்கால் சரிசெய்ய முடிந்த ஆபத்தும் உண்டு, முடியாத ஆபத்தும் உண்டு. இது முடியாத வகை. உங்கள் அறிவை, கையை, நேரத்தை இந்த ஊர் வேறு எவ்வளவோ வேலைக்கு எதிர்பார்க்கிறது.

அந்த வேலைகள் என்ன என்று சொல்லி முடிக்கிறேன். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி செய்கிறோம். அதை உலர்த்தவும் கிருமி நீக்கவும் வெப்பம் வேண்டும். மகளிர் குழுக்களுக்குச் சீலிங் மெஷின் பழுது பார்க்க ஆள் வேண்டும். மில் ஆய்வகத்து உலைக்குப் புதுச் சுருள் வேண்டும்போது வெளியூருக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் தேவையான கணக்கை இன்று இந்த அரங்கில் ஒரு மணி நேரத்தில் போட்டு முடித்துவிட்டோம்.

பட்டறை நடத்தும் அண்ணாச்சிகளிடம் என் வேண்டுகோள் மூன்று. ஒரு ஸ்க்ரூ கேஜ் வாங்குங்கள். நான் படித்த மின்தடை எண் பட்டியலையும் எஸ்.டபிள்யூ.ஜி. அளவுகளையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சுற்றிய ஒவ்வொரு சுருளுக்கும் உலோகம், கேஜ், நீளம், வெட்டும்போது காட்டிய ஓம், எவ்வளவு நாள் உழைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்கு நன்றாக வழிகாட்டும். உங்களிடம் வேலை பழகும் பையனுக்கு அதுவே சொத்து. மாட்டும்போது எர்த் இணைப்பைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்சை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். திறந்த சுருள் உள்ள அடுப்பில் உலோகப் பாத்திரமோ ஈரக் கையோ பட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று: ஐ.டி.ஐ.யிலும் பள்ளியிலும் ஓம் விதியைக் கரும்பலகையோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாணவர் கையிலும் பெயர் சொல்லாத ஒரு கம்பித் துண்டைக் கொடுங்கள். ஸ்க்ரூ கேஜையும் மீட்டரையும் காந்தத்தையும் கொடுங்கள். அது என்ன உலோகம் என்று அவர் கண்டுபிடித்து வரட்டும். செலவு சில ரூபாய். ஒருமுறை தானே கண்டுபிடித்த மாணவர் வாழ்நாள் முழுவதும் அளக்காமல் கம்பியை வெட்ட மாட்டார்.

நம் இரண்டு ஊர்களிலும் கைத்திறமைக்கு என்றுமே குறைவில்லை. மோட்டாரைப் பிரித்து, ஆயிரக்கணக்கான சுற்றைப் பிசகில்லாமல் திரும்பச் சுற்றும் கைகள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் இந்த எளிய வகுத்தல் கணக்கும் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. பட்டறைக்குத் திரும்பியதும் அடுத்து வரும் சுருளுக்கு நீளத்தைக் கணக்கிட்டு எழுதிவிட்டு வெட்டுங்கள். விடை சரியாக வருவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.